மாலைக்கண்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். ஒருவர் பொன்னாங்கண்ணித் தைலம் வாங்கச் சொல்வார். இன்னொருவர் தினமும் கேரட் ஜூஸ் கொடு என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழியச் சொல்வார். இவ்வளவும் முடிந்து மாதம் ஒன்று போன பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்துக் கிராமங்களில் அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாலைக்கண்ணுக்குக் காரணமான வைட்டமின் ஏ குறைபாட்டில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி வரிசைத் தவறுகள். கீரையும் வேண்டும், வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் வேண்டும், ஆயுர்வேத வைத்தியர் சொல்லும் நெய்யும் சில பேருக்கு உதவும். எது முந்தி, எது பிந்தி என்பதில்தான் கோளாறு. அதனால் கீழே உள்ளதை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளையின் தடுப்பூசி அட்டை. கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அம்மை பற்றிய குறிப்பு. ஒரு வாரம் பிள்ளை உண்மையில் என்ன சாப்பிட்டது என்று எழுதிய தாள். ‘கீரை சமைத்தோம்’ என்று எழுதாதீர்கள். எத்தனை கரண்டி வாய்க்குள் போனது என்று எழுதுங்கள். சமைத்ததற்கும் சாப்பிட்டதற்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது.

1. மாலைக்கண்தானா என்று பாருங்கள்

சின்னப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாது. அதற்கு எப்போதும் அப்படித்தான், உலகமே சாயங்காலமானால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நாம்தான் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் ஓடியாடின பிள்ளை பொழுது சாய்ந்ததும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகிறதா? தட்டில் இருக்கும் சோற்றைத் துழாவி எடுக்கிறதா? வாசற்படியில் தடுக்குகிறதா? ஒரு வீட்டில் அப்பாயி என்னிடம், “இருட்டுன்னா பயம் டீச்சர், வேற ஒண்ணுமில்ல” என்றார். பயந்த பிள்ளை அழும், ஆளைத் தேடி ஓடிவரும். அந்தப் பையன் அழவில்லை, நகரவும் இல்லை.

காரணம் இது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி வேண்டும். வைட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. அதனால் முதலில் அடி விழுவது அந்திநேரப் பார்வைக்குத்தான்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். பளபளப்புக் குறைந்து வறண்டு சுருங்கினாற்போல இருக்கலாம். கருவிழிக்குப் பக்கவாட்டில், பெரும்பாலும் வெளிப்பக்கம், சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு இருக்கலாம். பீட்டாட் புள்ளி என்று அதற்குப் பெயர். பீளை என்று நினைத்து முந்தானையால் துடைக்காதீர்கள்.

பெரியவர்கள் விஷயம் வேறு. நாற்பது ஐம்பது வயதுக்காரருக்கு ராத்திரி பார்வை மங்கினால் கண்புரையாக இருக்கலாம், கிட்டப்பார்வையாக இருக்கலாம், சர்க்கரை நோயில் விழித்திரை பாதித்திருக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் பரம்பரையாக வரும் விழித்திரை நோயும் உண்டு. அதற்கு மாலைக்கண் முதல் அறிகுறியாக வரும். எத்தனை கட்டுக் கீரை சாப்பிட்டாலும் போகாது. கண் மருத்துவர் பார்க்காமல் பெரியவருக்கு இந்த வழிகாட்டியின் மிச்சப் படிகள் பொருந்தாது.

கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் மாலைக்கண் வந்தால் அது பெரும்பாலும் இந்தக் குறைபாடுதான். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரிய அளவு மருந்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டியவர்கள்

கருவிழி மங்கி, வெளுத்து, பனி படர்ந்த கண்ணாடி போலத் தெரிகிறதா? வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறதா? தட்டம்மை வந்து சில வாரம்தான் ஆகிறதா? பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சமையலறைக்குப் போகாதீர்கள், பஸ் ஏறுங்கள். கருவிழி இளகிவிட்டால் சில நாளுக்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கீரை வேலை செய்ய வாரங்கள் ஆகும்.

கண்ணில் அறிகுறி உள்ள பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது பெரிய அளவு வைட்டமின் ஏ: முதல் நாள் ஒன்று, மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2 லட்சம் யூனிட். 6 முதல் 11 மாதம் வரை அதில் பாதி. மூன்றாவது வேளைக்கு நிறையப் பேர் போவதில்லை. முதல் இரண்டு வேளையிலேயே சாயங்காலப் பார்வை திரும்பிவிடும், அப்புறம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். பார்வை திரும்பினால் கண்ணுக்குப் போதுமானது கிடைத்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஈரலில் சேமிப்பு நிறைந்துவிட்டது என்று பொருளல்ல. மூன்றாவது வேளை அந்தச் சேமிப்புக்காக.

தட்டம்மை வந்த பிள்ளைக்குக் கண்ணில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். உடம்பில் இருப்பதை அம்மை வேகமாகக் கரைத்துவிடும். ‘அம்மா வந்திருக்கா, மருந்து கூடாது’ என்று வேப்பிலையோடு நிறுத்திவிடும் வீடுகளில்தான் கண் போன பிள்ளைகளைப் பார்த்தேன். வேப்பிலையும் வையுங்கள், மஞ்சளும் தெளியுங்கள், சொட்டு மருந்தையும் கொடுங்கள். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

3. அட்டையை எண்ணுங்கள்

கண்ணில் அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு அரசுத் திட்டப்படி மொத்தம் 9 வேளை. ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட். ஒன்றரை வயதையொட்டி 2 லட்சம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் வீதம் ஐந்து வயது வரை.

முதல் இரண்டு வேளை ஊசியோடு சேர்ந்து வருவதால் தப்பாது. ஊசி முடிந்ததும் அட்டை பீரோவுக்குள் போய்விடும். நான் பார்த்த அட்டைகளில் மூன்றாவது கட்டத்திலிருந்து பெரும்பாலும் வெறுமைதான். நடவுக் காலத்தில் வெளியூர் வேலைக்குப் போய் வரும் குடும்பங்களில் இன்னும் அதிகம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டி, விட்டுப்போனதைக் கேளுங்கள். விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொடுக்கக் கேட்காதீர்கள். அடுத்த வேளையிலிருந்து தொடர்ந்தால் போதும்.

4. ஓட்டையை அடையுங்கள்

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பலனில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, குடல்புழு, கொழுப்பே இல்லாத சாப்பாடு இந்த மூன்றும்தான் நம் பக்கம் பெரிய ஓட்டைகள். புழு மாத்திரையைப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். சேற்றுக் காலோடு கொல்லையில் திரியும் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதும் மருந்துதான்.

இன்னொன்று புரதம். ஈரலில் இருக்கும் வைட்டமின் ஏ கண்ணுக்குப் போய்ச்சேர ஒரு புரதம் அதைச் சுமந்து செல்ல வேண்டும். வெறும் சோறும் ரசமும் சாப்பிடும் பிள்ளைக்கு அந்தச் சுமை தூக்கும் ஆளே கிடைக்காது. பருப்பும் முட்டையும் கீரையோடு சேர்ந்து வருவது அதனால்தான்.

5. எதை வாங்குவது: நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள்

வைட்டமின் ஏ இரண்டு விதமாக வருகிறது. ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால், நெய், மீன் இவற்றில் நேரடியாகவே இருக்கிறது. கீரை, பரங்கி, பழங்களில் இருப்பது கரோட்டின். உடம்புதான் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் வரும் பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் இருந்தால்தான் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்கும் என்பது கணக்கு. ‘கீரையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே’ என்று படித்துவிட்டு ஒரு ஸ்பூனோடு நிறுத்துகிறவர்கள் இந்த 12-ஐ மறந்துவிடுகிறார்கள்.

நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு முட்டையில் 80 போலக் கிடைக்கும். ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு 6,000-க்கு மேல். அதனால் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று சின்னத் துண்டு ஈரல் கொடுத்தாலே சில நாள் தேவை தீர்ந்துவிடும், மிச்சத்தை உடம்பு சேர்த்து வைத்துக்கொள்ளும். கறிக்கடையில் ஈரலைத் தனியாகக் கொஞ்சமாகக் கேட்டால் தருவார்கள். சைவ வீட்டில் இந்தக் குறுக்குவழி இல்லை. கீரை தினசரி வந்தாக வேண்டும்.

கீரையில் முதலிடம் முருங்கைக்கு. அடுத்து அகத்தி, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, முளைக்கீரை. கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தியைத்தான் நட்டிருப்பார்கள். கேட்டால் ஒரு கட்டு சும்மாவே கிடைக்கும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கரும்பச்சை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கரோட்டின். முட்டைக்கோஸின் வெளுத்த உள் இலையில் எதுவும் கிடைக்காது.

இனி ஏமாற்றும் நிறங்கள். பீட்ரூட் சிவப்பு, ஆனால் அதில் கரோட்டின் இல்லை. தக்காளியின் சிவப்பு பெரும்பாலும் வேறொரு நிறமி. பொங்கலுக்கு வரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உள்ளே வெள்ளையாக இருந்தால் இந்தக் கணக்கில் சேராது. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருந்தால் சேரும். பெரிய குழப்பம் பூசணியில். மஞ்சள் நிறக் காயை நாம் பரங்கி என்போம், வெள்ளையைப் பூசணி என்போம். சென்னைக்காரர்கள் இரண்டையும் பூசணி என்பார்கள். எங்கோ ‘பூசணி கண்ணுக்கு நல்லது’ என்று படித்துவிட்டு ஒரு அம்மா மூன்று மாதம் வெள்ளைப் பூசணிக் கூட்டு செய்து போட்டார். வேண்டியது பரங்கிக்காய், அதுவும் உள்ளே நன்றாக மஞ்சள் ஏறிய பழுத்த காய்.

பழத்தில் பப்பாளியும் மாம்பழமும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அதன் ஆரஞ்சு நிறச் சதையைச் சுட்டுச் சாப்பிடும் பழக்கம் விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் நல்ல கரோட்டின்தான்.

கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். முதல் நாள் வரும் சீம்பாலின் மஞ்சள் நிறமே கரோட்டினால் வருவது. அதைப் ‘பழசு’ என்று பீய்ச்சிக் கொட்டுவது முதல் வேளை மருந்தைக் கொட்டுவதற்குச் சமம்.

6. சமைப்பதில் எங்கே தொலைகிறது

அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கீரையை வேகவைத்து, இலையை ஒதுக்கிவிட்டு அந்தத் தண்ணீரைச் சோற்றில் பிசைந்து கொடுப்பார்கள். ‘சத்தெல்லாம் தண்ணியில இறங்கிடுச்சு’ என்பார்கள். கரோட்டின் தண்ணீரில் கரையாது. அது இலையிலேயே இருக்கிறது. குழந்தைக்குப் போனது பச்சை நிறத் தண்ணீர். இலையை மத்தால் நன்றாகக் கடைந்து, மசியலாகக் கொடுங்கள். கடைவதில் இன்னொரு லாபம்: இலையின் அணுச்சுவர் உடைந்தால்தான் உள்ளே இருக்கும் கரோட்டின் வெளியே வரும். பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பதைவிட வேகவைத்து மசித்தது அதிகம் சேரும் என்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது எண்ணெய். கொழுப்பில்லாமல் கரோட்டின் குடலைத் தாண்டாது. ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நெய்யோ போதும். தாளிப்பை வாணலியிலேயே விட்டுவிட்டு மேலாகக் கீரையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காய் துருவிப் போடுகிறோமே, அதுவும் இந்த வேலையைச் செய்கிறது. ஜூஸ் கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வெறும் வயிற்றில் குடிக்கும் கேரட் ஜூஸில் பாதி வீண்.

எவ்வளவு நேரம் வேகவைப்பது? ‘வெந்து கெட்டது முருங்கை, வேகாமல் கெட்டது அகத்தி’ என்று பழமொழியே இருக்கிறது. முருங்கையை மூடி போட்டு, நிறம் மாறுவதற்குள் இறக்குங்கள். அகத்தி நன்றாக வேக வேண்டும், இல்லாவிட்டால் கசப்பில் பிள்ளை துப்பிவிடும். பாசிப்பருப்போடு வேகவைத்தால் கசப்பு தணியும். இரண்டையும் மூடித்தான் வேகவைக்க வேண்டும். திறந்து வைத்து நெடுநேரம் கொதிக்க விட்டால் காற்றிலும் சூட்டிலும் கரோட்டின் சிதையும்.

முருங்கையிலைப் பொடி செய்கிறவர்கள் மாடியில் வெயிலில் காயப்போடாதீர்கள். வெயில் கரோட்டினைத் தின்றுவிடும். பழுப்பேறிய பொடியில் இரும்பு இருக்கலாம், கரோட்டின் இருக்காது. நிழலில், காற்றோட்டத்தில், வெள்ளைத் துணிமேல் உலர்த்தி, எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் அழகாக இருக்கும், வெளிச்சம் புகும்.

7. ஆயுர்வேதம் எங்கே நுழைகிறது

முதல் மூன்று படி முடிந்து, சாப்பாடு ஒழுங்குக்கு வந்த பிறகு. அதற்கு முன்னால் வேண்டாம்.

ஆயுர்வேதம் மாலைக்கண்ணை நக்தாந்தியம் என்கிறது. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் அதற்குச் சொல்லும் வைத்தியங்களில் ஆட்டு ஈரலும் திப்பிலியும் உண்டு. ஐந்தாம் படியில் பார்த்த அதே ஈரல்தான். நல்ல வைத்தியர் உங்களிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரிப்பார். எடுத்தவுடன் லேகியத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

திரிபலா சூரணத்தைப் பலர் ‘கண் மருந்து’ என்று வாங்குகிறார்கள். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது அது. மலச்சிக்கலுக்கு உதவும், பசியைச் சீராக்கும். ஆனால் வைட்டமின் ஏ அதில் கிடையாது. சின்னப் பிள்ளைக்கு அதிகம் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து நாலாம் படியில் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். திரிபலா நெய்யில் நெய் இருப்பதால் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்றால், ஒரு டீஸ்பூன் நெய்க்கு 40 மைக்ரோகிராம் போல. நெய்யின் உண்மையான உதவி வேறு: கீரையின் கரோட்டினைக் குடலுக்குள் சேர்ப்பது. அதனால் வைத்தியர் நெய் மருந்து கொடுத்தால், அதைச் சாப்பாட்டை ஒட்டி எடுக்கலாமா என்று கேளுங்கள். நெய்யும் தேனும் சம அளவில் சேரக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் விதி. அகத்தி சாப்பிட்டால் மருந்து முறியும் என்று நம் பக்கத்து வைத்தியர்கள் பத்தியம் சொல்வார்கள். அந்த நாட்களில் முருங்கைக்கு மாறிக்கொள்ளுங்கள், கீரையையே நிறுத்திவிடாதீர்கள்.

பொன்னாங்கண்ணித் தைலம் தலைக்குத் தேய்த்தால் குளிர்ச்சியாக இருக்கும், தூக்கம் வரும். தலையில் தேய்க்கும் எண்ணெயிலிருந்து கண்ணுக்கு வைட்டமின் ஏ போகாது. அதே பொன்னாங்கண்ணியைப் பொரியல் செய்து சாப்பிட்டால் போகும்.

கண்ணுக்குள் வீட்டில் எதையும் விடாதீர்கள். பூச்சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவுமே வேண்டாம். வைட்டமின் ஏ குறைந்த கண்ணின் மேல்தோல் ஏற்கெனவே வறண்டு நலிந்திருக்கும். ஒரு துளி அழுக்கு போதும், கருவிழியில் புண் வந்துவிடும். கண்ணில் நெய் நிறுத்தும் தர்ப்பணம் படித்த வைத்தியர் செய்வது; வீடியோ பார்த்து வீட்டில் செய்வதல்ல. கடை மையில் ஈயம் இருக்கலாம், குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

8. கொல்லையில் நடுவது

முருங்கைப் போத்தை நம் களிமண்ணில் தட்டையாக நட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். இரண்டடி மேடு கட்டி நடுங்கள். பப்பாளிக்கும் அதே மேடு. பரங்கி விதையை ஆடிப்பட்டத்தில் ஊன்றினால் தை மாதம் காய் கையில் இருக்கும். முழுக் காயை உடைக்காமல் பரணில் வைத்தால், கீரை கிடைக்காத நாட்களுக்கு ஆகும். பலத்த காற்றில் முருங்கை முதலில் ஒடியும். கஜா புயலுக்கு அப்புறம் பல கொல்லைகளில் மரமே மிச்சமில்லை. புரட்டாசியிலேயே உயரக் கிளைகளைக் கழித்துவிட்டால் மரம் தப்பும், புதுத் துளிரும் வரும்.

9. அளவு மீறினால்

சிலர் கடையில் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கி, அங்கன்வாடியில் சொட்டும் போட்டு, டாக்டர் எழுதிய டானிக்கையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மூன்றிலும் இருப்பது ஒன்றேதான். கொழுப்பில் கரையும் சத்து சிறுநீரில் வெளியேறாது, ஈரலில் தங்கி அதைக் கெடுக்கும். தலைவலி, வாந்தி, முடி கொட்டுதல், தோல் உரிதல் இதன் அறிகுறிகள். பிள்ளை எதையெல்லாம் விழுங்குகிறது என்று ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணி 2 லட்சம் யூனிட் மருந்தைத் தொடவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லை. அதுவும் டாக்டர் சொன்னால் மட்டுமே. ஈரலையும் அந்த மாதங்களில் தவிர்ப்பது நல்லது. கீரை, பரங்கி, மாம்பழத்துக்கு இந்தப் பயம் இல்லை. உடம்பு தேவைக்குத்தான் மாற்றிக்கொள்ளும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் ஏ மாத்திரையைச் சேர்க்கக் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம்.

10. பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

பெரிய அளவு மருந்து கொடுத்த பிள்ளைக்கு அந்திநேரப் பார்வை ஓரிரு நாளில் மாறத் தொடங்கும். பீட்டாட் புள்ளி மறைய வாரங்கள் ஆகும். பெரிய பிள்ளைகளுக்கு அது தழும்பு போலத் தங்கிவிடவும் கூடும், அதை வைத்து மருந்தைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் ஆகியும் பிள்ளை சாயங்காலம் தடுக்கிக்கொண்டே இருந்தால் காரணம் வேறு. கண் மருத்துவரிடம் மறுபடி போங்கள்.

சாப்பாட்டை மாற்றிய வீட்டில் சில மாதத்தில் ஒரு பயம் வரும். பரங்கியும் பப்பாளியுமாகச் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளாகிவிடும், மஞ்சள்காமாலை என்று ஓடிவருவார்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்து, சிறுநீரும் வழக்கமான நிறத்தில் இருந்தால் கரோட்டின் தோலில் படிந்திருக்கிறது. சில வாரம் குறைத்துச் சாப்பிட்டால் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.